யார் வாயில் யார் பேச்சு? – வட்டாரத் தொலைக்காட்சி நகைச்சுவை பற்றி ஒரு பார்வை

1987-இல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' ஓடியபோது, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத நம் பாட்டிமார்கள்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். சீதையின் கண்ணீருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அதே பாட்டிமார்கள் இந்திச் சிரிப்புத் தொடர் தொடங்கினால், "இதுக்கு என்னத்துக்கு இப்படிச் சிரிக்கிறான்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனார்கள். பிற்காலத்தில் 'உத்தரன்' என்ற இந்தித் தொடர் 'சிந்து பைரவி' என்ற பெயரில் ராஜ் டிவியிலும், 'படே அச்சே லக்தே ஹைன்' என்பது 'உள்ளம் கொள்ளை போகுதடா' என்ற பெயரில் பாலிமர் டிவியிலும் தமிழ் பேசி வந்தன. இரண்டுக்கும் நல்ல வரவேற்பு. வேறு மொழிச் சிரிப்புத் தொடர் எதற்கும் தமிழ் வீடுகளில் அப்படி ஒரு யோகம் அடித்ததாகச் சொல்ல முடியாது.

காரணம் எளிது. அழுகை சம்பவத்தில் இருக்கிறது. தாலி பறிபோனால் எந்த ஊரிலும் அழுகைதான். சிரிப்பு பெரும்பாலும் பேச்சில் இருக்கிறது. எந்த வார்த்தையை எந்த ஊர்க்காரர் எப்படி இழுத்துச் சொன்னார் என்பதில் இருக்கிறது. அதனால்தான் தொலைக்காட்சி நகைச்சுவையில் வட்டார வழக்கு இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது.

சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம் அல்ல. நம் வீட்டுக் கூடத்தில் தாத்தா ஒரு சிரிப்புக்குச் சிரிக்கிறார், பேத்தி இன்னொன்றுக்குச் சிரிக்கிறாள். பேத்தி சிரிக்கும் தொடரில் சில சமயம் தாத்தாவின் பேச்சுதான் கேலிப்பொருளாக இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் பேச்சை வைத்துச் சிரிக்க வைப்பதில் எது தரமானது, எது மட்டமானது, அதை எப்படி இனம் காண்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

எண்வகை மெய்ப்பாடுகளில் தொல்காப்பியர் முதலில் வைத்திருப்பது நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கின் வழியாகப் பிறக்கும் என்கிறார். கேலி, பிள்ளைத்தனம், அறியாமை, எதையும் அப்படியே நம்பிவிடும் வெகுளித்தனம் என்று இன்றைய தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு ஓடும் எந்தச் சிரிப்புத் தொடரை எடுத்துக்கொண்டாலும் இந்த நான்கில் ஒன்றில் கொண்டுபோய் அடக்கிவிடலாம்.

உரையாசிரியர் பேராசிரியர் எள்ளல் பற்றிச் சொல்வது இங்கே நோக்கத்தக்கது. பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சேர்ந்து நகுவது மற்றொன்று. எள்ளலுக்கு இந்த இரண்டு பக்கமும் உண்டு என்பது அவர் கருத்து.

இன்னொரு செய்தி இன்னும் சுவையானது. இளம்பூரணர் தம் உரையில் செயிற்றியம் என்ற பழைய நாடக நூலிலிருந்து ஒரு பட்டியலை எடுத்துக்காட்டுகிறார். எவையெல்லாம் சிரிப்பை உண்டாக்கும் என்ற அந்தப் பட்டியலில் குழந்தையின் மழலை இருக்கிறது, பித்தரின் பிதற்றல் இருக்கிறது; கூடவே வடநாட்டார் பேசும் தமிழும் இருக்கிறது! அயலான் வாயில் நம் மொழி படும் பாட்டைக் கேட்டுச் சிரிப்பது எவ்வளவு பழைய பழக்கம், பாருங்கள். இன்று காலம் திரும்பி, நாம் பேசும் இந்தியைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்கள். கணக்கு நேராகிவிட்டது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஊர்ப்பெயரே முகவரி

முதலில் தமிழ்ப் பக்கம். தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவையின் பெரும்பகுதி சினிமாவிலிருந்து வந்தது. ஆதித்யா, சிரிப்பொலி ஆகிய சேனல்கள் சினிமா காமெடித் துண்டுகளை நாள் முழுவதும் ஒளிபரப்பியே நின்றன. கவுண்டமணியின் கொங்குத் தமிழும், வடிவேலுவின் மதுரைத் தமிழும், ஜனகராஜின் சென்னைத் தமிழும் அப்படித்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்து எல்லோருக்கும் பொதுவாயின. நாகர்கோவில்காரருக்கு மதுரைப் பேச்சு பழகியதில் பேருந்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதைவிட வடிவேலுவுக்கு அதிகம்.

தூர்தர்ஷன் காலத்தில் நிலைமை வேறு. எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் போன்றோரின் சபா நாடக மரபு சின்னத்திரைக்கு வந்தது. அது சென்னை நடுத்தர வர்க்கத்தின் பேச்சு. வார்த்தையை வைத்து விளையாடும் சிலேடைச் சிரிப்பு. டெல்லியிலும் மும்பையிலும் தமிழ்ச் சங்க மேடைகளில் இந்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியதற்குக் காரணம், அன்றைக்கு இங்கே குடியேறியிருந்தவர்களில் பலர் அதே பேச்சுக்காரர்களாக இருந்ததுதான். அரசாங்க உத்தியோகம், வங்கி, ரயில்வே என்று வந்தவர்கள். அதே நகரத்தில் கட்டட வேலைக்கும் இட்லி வியாபாரத்துக்கும் வந்த தமிழர்களுக்கு அந்தச் சிலேடைகள் எட்டினவா என்று நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை.

விஜய் டிவியில் 2000-களில் வந்த 'லொள்ளு சபா'வும், 2005-இல் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு' நிகழ்ச்சியும், பின்னர் சன் டிவியில் 'அசத்தப்போவது யாரு'வும் இந்த வேலியை உடைத்தன. மேடையேறியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: கோவை குணா, மதுரை முத்து, ஈரோடு மகேஷ். ஊர்ப்பெயரே முகவரியாயிற்று. என் பேச்சு இந்த ஊர்ப் பேச்சு, அதற்காக நான் வெட்கப்படவில்லை என்று பெயரிலேயே சொல்லிவிட்டு மேடையேறினார்கள். சிரித்தவர்களில் முதல் வரிசை அந்தந்த ஊர்க்காரர்கள்தாம். பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை நகை இது.

'லொள்ளு சபா'வுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. அது சினிமாவைக் கிண்டல் செய்தது. மூலப்படம் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு காட்சியும் வெடிச்சிரிப்பு. தெரியாதவனுக்கு நாலு பேர் கத்திக்கொண்டிருப்பதாக மட்டுமே தெரியும். வெளிமாநிலத்தில் பிறந்த நம் பிள்ளைகள் அதைப் பார்த்து ஏன் சிரிப்பதில்லை என்று வருத்தப்படுகிறோம். படத்தைக் காட்டாமல் பகடியைக் காட்டினால் எப்படிச் சிரிப்பு வரும்?

இந்தியும் ஒன்றல்ல

"ஹிந்திக்காரன்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இந்தித் தொலைக்காட்சி நகைச்சுவையைக் கவனித்தால் அங்கேயும் மதுரை, கோவை, நெல்லை எல்லாம் உண்டு என்பது விளங்கும்.

1984-இல் வந்த 'யே ஜோ ஹை ஸிந்தகி' பெருநகர நடுத்தர வீட்டின் பொது இந்தியில் பேசியது. தேசம் முழுவதற்கும் ஒரே சேனல் என்றிருந்தபோது அப்படித்தான் எழுத முடியும். ஆனால் 1989-இல் ஜஸ்பால் பட்டியின் 'ஃப்ளாப் ஷோ' வந்தது. பத்தே எபிசோடுகள். பஞ்சாபி வாடை அடிக்கும் இந்தி. ஆராய்ச்சி மாணவனை எடுபிடியாக்கும் பேராசிரியர், ஒப்பந்ததாரர், அரசாங்க அலுவலகம். பேச்சு சண்டிகர்ப் பக்கத்துப் பேச்சு, வயிற்றெரிச்சல் இந்தியா முழுவதற்கும் சொந்தமான வயிற்றெரிச்சல். அதனால்தான் பஞ்சாபி தெரியாத நாமும் அதை ரசித்தோம்.

2006-இல் சப் டிவியில் தொடங்கிய 'எஃப்.ஐ.ஆர்.' தொடரில் கவிதா கௌஷிக் நடித்த சந்திரமுகி சௌதாலா என்ற பெண் போலீஸ் அதிகாரி அரியானாப் பேச்சில் அதட்டினார். 2015-இல் வந்த 'பாபிஜி கர் பர் ஹைன்' கான்பூரில் நடப்பது. அதில் வரும் ஹப்பு சிங் என்ற இன்ஸ்பெக்டர் புந்தேல்கண்ட் பேச்சில் பேசுவார். அந்த வேடத்தில் நடித்த யோகேஷ் திரிபாடியும் அந்தப் பக்கத்துக்காரர். பாத்திரம் மக்களுக்கு அவ்வளவு பிடித்துப் போனதால் 2019-இல் அவர் பெயரிலேயே தனித்தொடர் வந்தது. கான்பூரிலிருந்து வந்து, 2005-இல் 'கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' மூலம் வீடு வீடாக நுழைந்த ராஜு ஸ்ரீவாஸ்தவ், கஜோதர் பையா என்ற கிராமத்துப் பாத்திரத்தை 2022-இல் தாம் மறையும்வரை விடவில்லை.

இதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. 2015-இல் தொடங்கிய பார்க் என்ற பார்வையாளர் அளவீட்டு அமைப்பு, நகரங்களோடு நில்லாமல் கிராமங்களையும் கணக்கில் சேர்த்தது. மும்பை அடுக்குமாடியை மட்டும் குறிவைத்து எழுதினால் போதாது, கான்பூர்ச் சந்துக்காரரும் தன்னைத் திரையில் பார்க்க வேண்டும் என்று சேனல்காரர்களுக்குப் புரிந்தது. ஆக, வட்டார வழக்கு ஏறுமுகமானதில் மொழிப்பற்று பாதி, டி.ஆர்.பி. பாதி.

கோழிக்கோட்டு மீன்காரர்

நம் அண்டை வீட்டாரான மலையாளிகளிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மீடியா ஒன் சேனலில் வந்த 'எம் 80 மூசா', பழைய எம் 80 வண்டியில் மீன் விற்கும் மூசா என்பவரின் குடும்பக் கதை. பேச்சு அச்சு அசல் கோழிக்கோட்டு மாப்பிள்ளை முஸ்லிம்களின் பேச்சு. மூசாவாக நடித்த வினோத் கோவூரும், மனைவி பாத்துவாக நடித்த சுரபி லட்சுமியும் கோழிக்கோட்டுப் பக்கத்தவர்கள். அந்தப் பேச்சை மலையாள சினிமா வெகுகாலம் கோமாளிப் பேச்சாகவே வைத்திருந்தது. இங்கே அது கடன், பிள்ளை படிப்பு, மாமியார் சண்டை என்று ஒரு முழு வீட்டையே தாங்கி நின்றது. அதே சுரபி லட்சுமி 'மின்னாமினுங்கு' படத்துக்காக 2016-ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். திருவனந்தபுரத்துப் பேச்சால் சிரிக்க வைத்துப் பெயர் வாங்கிய சூரஜ் வெஞ்ஞாரமூடும் 2013-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டவர். வட்டாரச் சிரிப்பு மட்டமான கலை என்று நினைப்பவர்களுக்கு இது போதும்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் நம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தால், அவரும் சிரிப்பாரா, அல்லது எழுந்து போய்விடுவாரா? மூசாவைப் பார்த்துக் கோழிக்கோட்டுக்காரர் சிரிக்கிறார். மதுரை முத்துவுக்கு மதுரைக்காரர் சிரிக்கிறார். அந்த நகை தேறிவிட்டது.

அந்த மண்ணில் பிறந்தவரே நடிக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆர்.கே.லக்ஷ்மணின் படைப்பான 'வாக்ளே கி துனியா' 1988-இல் வந்தபோது மராட்டிய குமாஸ்தா வாக்ளேயாக நடித்தவர் மராட்டியர் அல்லாத அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ். 'சதி லீலாவதி' படத்தில் கோவை சரளாவுக்கு ஈடாகக் கமல்ஹாசன் கொங்குத் தமிழ் பேசினார். வசனம் சென்னைக்காரரான கிரேஸி மோகன். பிறப்பு முக்கியமில்லை, காது முக்கியம். அந்த மக்கள் எதற்குக் கோபப்படுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் பொறுமை முக்கியம்.

கோகுல்தாமில் நம்மவர்

இப்போது நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். 2008 ஜூலை 28-இல் சப் டிவியில் தொடங்கி, 4000 எபிசோடுகளைத் தாண்டிவிட்ட 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தொடரைத் தெரியாத பிள்ளை வடநாட்டுத் தமிழ் வீடுகளில் இருக்க முடியாது. தாரக் மேத்தா 1971 முதல் 'சித்ரலேகா' என்ற குஜராத்தி வார இதழில் எழுதிவந்த பத்திதான் இதன் மூலம். மும்பையில் கோகுல்தாம் என்ற குடியிருப்பு. குஜராத்தி, மராட்டியர், பஞ்சாபி, வங்காளி எல்லோரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். நம்மவர் ஒருவரும் உண்டு: விஞ்ஞானி கிருஷ்ணன் ஐயர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். ஐயர் அங்கே விருந்தாளி அல்ல, குடியிருப்பின் சம பங்காளி. படித்தவர், மரியாதைக்குரிய வேலையில் இருப்பவர். மற்றவர்களோடு சேர்ந்து எல்லாப் பண்டிகையும் கொண்டாடுகிறார். 'படோசன்' (1968) படத்தில் மெஹ்மூத் நடித்த பாட்டு வாத்தியாரோடும், 'அக்னீபத்' (1990) படத்தில் மிதுன் சக்ரவர்த்தி நடித்த இளநீர் வியாபாரியோடும் ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். அந்த இளநீர் வியாபாரியின் பெயரும் கிருஷ்ணன் ஐயர் என்பது கவனிக்கத்தக்கது. தமிழன் என்றால் இந்தித் திரைக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு பெயர் போலும்!

ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அதே தொடரில் ஜேட்டாலால் பேசும் இந்திக்குள் குஜராத்தி நாடக மேடையில் பழகிய திலீப் ஜோஷியின் காது வேலை செய்கிறது. கோபம் வந்தால் ஒரு குஜராத்தி, அப்பாவிடம் பம்மும்போது வேறு குஜராத்தி, கடையில் வியாபாரம் பேசும்போது மூன்றாவது. டியூஷன் வாத்தியார் பிடேயின் மராட்டிக்கும் அப்படி ஒரு வீடு உண்டு. நம் ஐயருக்கு என்ன இருக்கிறது? "ஐயோ" இருக்கிறது. நெற்றியில் விபூதிப்பட்டை இருக்கிறது. நிறத்தை வைத்தும், அழகான வங்காளி மனைவி இவருக்கு எப்படி வாய்த்தாள் என்பதை வைத்தும் வரும் சிரிப்பு இருக்கிறது. வேடத்தில் நடிக்கும் தனுஜ் மஹாசப்தே தமிழர் அல்லர், அதில் குற்றமில்லை. ஆனால் இத்தனை ஆண்டில் அந்த ஐயர் தஞ்சாவூர்க்காரரா, பாலக்காட்டுக்காரரா என்று அவர் பேச்சைக் கேட்டு ஒரு தமிழனால் சொல்ல முடியவில்லையே, அது எழுதியவர்களின் குற்றம்.

தொடரைப் பார்க்காதே என்று பிள்ளைகளிடம் சொல்வது பயனற்றது. அது அவர்கள் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச் சொத்து. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் "மதராஸி" என்று கிண்டல் செய்யப்படும் பிள்ளை, அந்தக் கிண்டலிலிருந்து தப்பிக்கத் தானே முந்திக்கொண்டு அந்த "ஐயோஜி" குரலைச் செய்து காட்டுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடமும் அதே குரல். அந்தக் குரலில் பாட்டியின் தமிழ் ஒரு சொல்கூட இல்லை. தன் பேச்சைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அதன் கேலிச்சித்திரத்தைத் தெரிந்துகொண்ட பிள்ளை அது.

நாம் செய்ததும் அதுவே

வடக்கே மட்டும் விரல் நீட்டினால் நியாயமாகாது. நம் சினிமாவும் சின்னத்திரையும் காட்டிய மார்வாடிச் சேட்டு யார்? "நம்பள்கி, நிம்பள்கி" என்று பேசும் அடகுக்கடைக்காரர். ராஜஸ்தானில் எந்த ஊர், வீட்டில் யார் யார், ஒன்றும் தெரியாது. டீக்கடை நாயர், ராத்திரி விசில் ஊதும் கூர்க்கா எல்லோரும் அதே வார்ப்புத்தான். சௌகார்பேட்டையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து நம்மைவிட நல்ல சென்னைத் தமிழ் பேசும் மார்வாடிக் குடும்பங்கள் அந்தச் சேட்டைப் பார்த்துச் சிரித்திருக்குமா? கோகுல்தாம் ஐயரைப் பார்க்கும்போது நமக்கு நெஞ்சில் எது தைக்கிறதோ, அதுதான் அவர்களுக்கும் தைத்திருக்கும்.

தமிழுக்குள்ளேயும் இதே கதை. "ஏலே" என்று நாலு தடவை சொன்னால் நெல்லை, வாக்கியத்துக்கு நாலு "ங்க" போட்டால் கோவை என்று எழுதிக்கொடுக்கும் சோம்பேறித்தனம் நம் தொடர்களிலும் நிறையவே உண்டு. திருநெல்வேலிக்காரர் எல்லோரிடமும் "ஏலே" சொல்ல மாட்டார். யாரிடம் சொல்வார், யாரிடம் சொல்ல மாட்டார் என்பதில்தான் அந்த ஊர் இருக்கிறது.

நம் பேச்சுக்கு ஒரு மேடை

கடைசியாக ஒன்று. கொங்குக்கு, நெல்லைக்கு, மதுரைக்கு எல்லாம் நகைச்சுவை இருக்கிறது. நமக்கு? டெல்லித் தமிழ், மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழ், பெங்களூர்த் தமிழ் என்று நாம் பேசுவதும் வட்டார வழக்குகள்தாம். "பிஜிலி போயிடுத்து, இன்வர்ட்டர் பார்", "சப்ஜிவாலா வந்தாச்சு, தைலா எடுத்துண்டு ஓடு", "அந்த டப்பாவை பந்த் பண்ணு" – இதைப் பேசும்போது நமக்கு இயல்பு. ஊரிலிருந்து வந்த சித்தப்பா கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் "வண்டி பஞ்சராயிட்டு" என்றால் நம் பிள்ளை சிரிக்கிறது. ஹவுசிங் சொசைட்டிக் கூட்டத்தில் அரைகுறை இந்தியில் சண்டை போடும் மாமா, வேலைக்கு வரும் பாயிடம் பாதி தமிழிலேயே பேசி எல்லாக் காரியத்தையும் நடத்திக்கொள்ளும் மாமி, கட்டட வேலைக்கு வந்து நாலே மாதத்தில் நம்மைவிடச் சரளமாக இந்தி பேசும் விழுப்புரத்துத் தம்பி – இவர்களில் யாரை எந்தத் தொலைக்காட்சி காட்டியிருக்கிறது?

எந்தச் சேனலும் நமக்காக இதைச் செய்யப் போவதில்லை. நம் தொகை அவர்கள் கணக்குக்குப் போதாது. ஆனால் ஆண்டு விழா மேடை நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் யூடியூபில் பார்த்த சென்னைக் காமெடியை மனப்பாடம் செய்யவைத்துப் பிள்ளைகளை மேடையேற்றுகிறோம். பாவம், அர்த்தம் தெரியாமலே ஒப்பிக்கிறார்கள். அதற்குப் பதில், "உன் வீட்டில் பேசுவதை அப்படியே எழுதிக்கொண்டு வா" என்று சொல்லிப் பார்க்கலாம். தாத்தா எந்த ஊர்த் தமிழ், அம்மா எந்த ஊர்த் தமிழ், தான் பேசுவது எந்தத் தமிழ் என்று பிள்ளை காது கொடுத்துக் கேட்கும். கேட்டால்தான் எழுத முடியும். எழுதி நடித்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் சிரிப்பார், பின்வரிசையில் இருக்கும் பேத்தியின் தோழிகளும் சிரிப்பார்கள்.

இல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு வெளிமாநிலத் தமிழன் என்றால் எப்படி இருப்பான் என்று சொல்ல, கோகுல்தாம் ஐயர் ஒருவர்தான் மிஞ்சுவார். அடுத்த ஆண்டு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பேனாவை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.